யாரை யாரோடு சேர்ப்பது

தப்பெண்ணத்தைப் பாடமாக நடத்துவதில், உளவியலின் வேறு பாடங்களில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நினைவாற்றலைப் பற்றியோ கவனத்தைப் பற்றியோ பேசும்போது வகுப்பில் யாருக்கும் வலிக்காது. இங்கேயோ, பட்டவர்களும் அதை வீட்டில் பார்த்துப் பழகியவர்களும் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எந்தத் தெரு என்பது அவர்களுக்குள் தெரியும். பாடம் நடக்கும்போது யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்குச் சமூக உளவியல் அறிமுகத் தாளை நெடுங்காலமாக நடத்தி வருகிறேன். பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்கும் போகிறேன். எந்த ஆய்வை முதலில் சொல்வது, எதைச் செய்து காட்டக் கூடாது, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது என்பவற்றைத்தான் இத்தனை காலமும் யோசித்து வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருபது பக்கம் இருக்கிற இந்த அலகு, அந்த முடிவுகளில்தான் நிற்கும் அல்லது விழும்.

முதல் நாள் சாதி என்றதும் எப்போதும் ஒரே பதில் வரும். "இப்பல்லாம் யாரு மேடம் இதைப் பாக்கிறாங்க? எங்க வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க, போவாங்க." சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. தன்னைப் பற்றி அப்படித்தான் உண்மையாகவே நினைக்கிறது. அதை மறுத்துப் பேசினால் வகுப்பு அங்கேயே மூடிக்கொள்ளும். அதனால் நான் ரிச்சர்ட் லாப்பியரிடம் போவேன். அமெரிக்கச் சமூகவியலாளரான அவர், 1930-களின் தொடக்கத்தில் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அந்த நாடு முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மீது வெளிப்படையான வெறுப்பு இருந்த காலம். சுமார் 250 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார்கள். இடம் இல்லை என்று சொன்னது ஒரே ஒரு இடம். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, "சீனர்களுக்கு இடம் தருவீர்களா?" என்று கடிதம் எழுதினார். பதில் எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'மாட்டோம்' என்றார்கள். 1934-இல் வெளிவந்த கட்டுரை இது. சொல்லும் செயலும் தனித்தனி வழியில் போகும் என்பதை முதலில் அளந்து காட்டியவர்களில் அவர் ஒருவர்.

நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே காகிதத்தில் மறுத்தவர்கள் நேரில் ஏற்றார்கள். இங்கே நேரில் கேட்டால் எல்லோரும் ஏற்கிறார்கள். காகிதத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மறுக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் வைப்பேன். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஈடாக இருக்க, பெயர் மட்டும் மாறியது: உயர்சாதி என்று காட்டும் பெயர், தலித் என்று காட்டும் பெயர், முஸ்லிம் பெயர். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு உயர்சாதிப் பெயருக்கு அதிகமாகவும், தலித் பெயருக்குக் குறைவாகவும், முஸ்லிம் பெயருக்கு அதனினும் குறைவாகவும் வந்தது. அந்த நிறுவனங்களில் யாரையாவது கேட்டிருந்தால் "நாங்கள் திறமையைத்தான் பார்க்கிறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதைக் கேட்டபின் "யாரு மேடம் பாக்கிறாங்க" என்ற கேள்வி இரண்டாம் முறை வருவதில்லை.

அடுத்து வருவது, "அவங்க நடந்துக்கிற விதம் அப்படி மேடம்" என்கிற வாதம். அனுபவத்திலிருந்து வந்த கருத்து என்பார்கள். இதற்கு விடையாக யூஜின் ஹார்ட்லி 1946-இல் வெளியிட்ட ஆய்வைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பல இனங்களின் பெயர்களைக் கொடுத்து, யாரை எவ்வளவு நெருக்கமாக ஏற்பீர்கள் என்று கேட்டார். பட்டியலில் மூன்று பெயர்கள் அவரே கட்டிவிட்டவை. டேனிரியர் என்றொரு இனம் உலகத்தில் கிடையாது. பல மாணவர்கள் அவர்களையும் வேண்டாம் என்றார்கள். யூதர்களையும் கறுப்பினத்தவரையும் தள்ளி வைத்தவர்களே பெரும்பாலும் இவர்களையும் தள்ளி வைத்தார்கள். இல்லாத ஒரு மக்களோடு யாருக்கு என்ன கசப்பான அனுபவம் இருந்திருக்க முடியும்? இந்த ஆய்வை நான் முன்கூட்டியே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேனிரியர் வகுப்பில் யாரும் இல்லை; ஒருவர் மனமும் நோகாமல் ஒரு பெரிய சாக்கு கீழே விழுகிறது.

ஹார்ட்லி பயன்படுத்தியது எமரி போகார்டஸ் 1920-களில் உருவாக்கிய சமூகத் தொலைவு அளவுகோலின் வழிமுறை. திருமண உறவு, நட்பு, பக்கத்து வீடு, உடன் வேலை, குடியுரிமை என்று படிப்படியாகத் தூரம் கூடும். முதல் படி திருமணம் என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்பேத்கர் நினைவுக்கு வருவார். 1916-இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அவர் வாதிட்டுவிட்டார். போகார்டஸின் அளவுகோல் வந்தது அதற்குப் பிறகு.

அந்த அளவுகோலை என் மாணவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்வதில்லை. எந்தச் சாதியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதித் தரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எழுதினாலும் அது உண்மையாக இராது. அதற்குப் பதிலாக, உங்கள் ஊருக்கு இந்த அளவுகோலைப் புதிதாகச் செய்யுங்கள் என்பேன். எத்தனை படி வேண்டும், எது எதற்கு மேலே என்று அவர்களே தீர்மானிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் போகார்டஸ் கனவிலும் காணாத படிகள் கரும்பலகையில் ஏறும். ஒரே குழாயில் தண்ணீர். டீக்கடையில் சில்வர் டம்ளரா, பேப்பர் கப்பா. திண்ணை வரையா, கூடம் வரையா, அடுப்படி வரையா. கோயில் கொடைக்கு வரி வாங்குவார்களா. முடிதிருத்தும் கடையில் அதே நாற்காலியா. தெருவில் பைக்கை விட்டு இறங்க வேண்டுமா. வாடகைக்கு வீடு கேட்டால், "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?", "குலதெய்வம் எது?", "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று சாதியைக் கேட்காமலே கேட்பது. கடைசியில் சுடுகாடு. யாரும் தன் கதையைச் சொல்லவில்லை, யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் முதல் நாள் 'இப்ப இல்ல' என்ற பிள்ளையும் இரண்டு படி சொல்லியிருக்கும். இந்த வகுப்பை நான் மிகவும் நேசிக்கிறேன்.

பிறகுதான் ஹென்றி தாஜ்ஃபெல். இவருடைய வாழ்க்கையைச் சொல்லாமல் ஆய்வை மட்டும் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். 1919-இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் படித்துக்கொண்டிருந்தபோது போர் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1940-இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். யூதர் என்பதை மறைக்கவில்லை; ஆனால் பிரெஞ்சுச் சிப்பாய் என்று கணக்கில் வந்ததால் போர்க்கைதி முகாமில் உயிர் தப்பினார். அவர் என்ன மனிதர் என்பதை யாரும் பார்க்கவில்லை. எந்தப் பட்டியலில் சேர்ந்தார் என்பதே உயிரைக் காத்தது. போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டிருந்தார்கள். பட்டியலில் சேர்ப்பது மனிதர்களை என்ன செய்கிறது என்ற கேள்வியை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்.

1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில், பதினான்கு பதினைந்து வயதுப் பள்ளி மாணவர்களை அவர் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஓர் ஆய்வில் பவுல் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்ததாக மாணவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் போட்டது குருட்டுச் சீட்டு. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட எந்தப் பையனுக்கும் தெரியாது. தனக்கு எதுவும் கிடைக்காத நிலையில், மற்ற இருவருக்குப் பணத்தைப் பகிர்ந்து தர வேண்டும். பெரும்பாலோர் தன் குழுக்காரனுக்குக் கூடக் கொடுத்தார்கள். மனதை உறுத்துவது அதற்கடுத்த முடிவு: தன் குழுவுக்கு வரும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க் குழுவைவிடக் கூடுதலாக வாங்கினால் போதும் என்ற பக்கமே அவர்கள் சாய்ந்தார்கள். ஆதாயத்தைவிட இடைவெளி முக்கியமாகிவிட்டது.

இதை வகுப்பில் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துச் செய்து பார்ப்போம். ஒற்றைப்படை ஒரு குழு, இரட்டைப்படை ஒரு குழு. சற்று நேரத்தில் "ஒத்தை" "ரெட்டை" என்று ஒருவரையொருவர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஆசிரியர் விழித்திருக்க வேண்டும். "அப்ப எல்லா மனுஷனும் இப்படித்தான், இயற்கையே இது" என்ற ஆறுதல் வகுப்பில் பரவும். தாஜ்ஃபெல் காட்டியது விதை எவ்வளவு சிறியது என்பதை மட்டும்தான். ஒற்றைப்படைக்காரர்களிடம் நிலம் இல்லை, கோயில் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, பஞ்சாயத்து இல்லை. மூன்று தலைமுறைக் கடன் நோட்டு இல்லை. வகுப்பு மணி அடித்ததும் அந்தக் குழு கலைந்துவிடும். சாதி கலைவதில்லை. அதில் இரண்டு குழு எதிரெதிரே நிற்பதும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரை வைத்திருக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்ன இந்த அமைப்பு, பிரிஸ்டல் ஆய்வறைக்குள் அடங்காது. ஆய்வைச் சொன்ன அன்றே இதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வகுப்புக்குத் தள்ளிப்போட்டால் அந்த ஆறுதல் வேர் பிடித்துவிடும்.

நான் செய்து காட்டாத ஒன்றும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவா மாநிலத்து ரைஸ்வில்லில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை நீலக்கண், பழுப்புக்கண் என்று பிரித்து, ஒரு பிரிவை உயர்வாகவும் மறு பிரிவைத் தாழ்வாகவும் நடத்தினார். மறுமுறை மாற்றி நடத்தினார். மாணவர்கள் இந்தப் பயிற்சியைப் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு, "நாமளும் செய்வோம் மேடம்" என்பார்கள். மறுத்துவிடுவேன். ரைஸ்வில்லில் இருந்தது வெள்ளைக்காரக் குழந்தைகள் மட்டும். ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்கு அதற்கு முன் தெரியாது. என் வகுப்பில் சிலர் அதைப் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே கற்றுவிட்டார்கள். மற்றவர்கள் புரிந்துகொள்வதற்காக அவர்களை மறுபடியும் அதற்குள் நிறுத்துவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளி மாணவர்கள் 642 பேரிடம், மேல்சாதி பாதி, கீழே வைக்கப்பட்ட சாதி பாதி என்று, புதிர்ப்பாதை வரைபடங்களைத் தீர்க்கச் சொன்னார்கள். தீர்க்கும் புதிருக்குத் தக்கபடி காசு. சாதியை யாரும் குறிப்பிடாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு செய்தார்கள். புதிரைக் கொடுக்கும் முன் பையனின் பெயர், தகப்பன் பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றப் பையன்கள் முன்னால் வாய்விட்டு வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. புதிர் மாறவில்லை, பையனும் மாறவில்லை. வாசித்தது மட்டுமே புதிது.

பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டேன். ஸ்காலர்ஷிப் படிவம் வந்திருக்கிறது என்று சொல்லி, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க" என்கிற குரல் நம்மில் பலர் கேட்டு வளர்ந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், பணம் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையிலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதன் விலையை அந்தப் பிள்ளையின் விடைத்தாள் கொடுக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதியைக் காட்டும் அடையாளம் ஆகியவற்றைத் தடை செய்யச் சொன்னது. பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்கவும், உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தலைமை ஆசிரியர் தன் அறையில் அழைத்துச் சொல்லவும் பரிந்துரைத்தது. கயிறு பற்றிய பரிந்துரை அரசியல் விவாதமாகிப் பேசப்பட்டது. என் கண்ணுக்கு இருக்கை பற்றியதும் உதவித்தொகை பற்றியதும்தான் பெரியவையாகத் தெரிகின்றன. ஆய்வு சொல்வதும் அதையே.

கயிறு என்றதும் முசாஃபர் ஷெரீப்பின் கோடை முகாமைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவுக்குப் பதினோரு வயதுப் பையன்கள் 22 பேரைக் கூட்டிப்போனார். இரண்டு அணி, ஒன்று கழுகுகள், மற்றது வாலை ஆட்டி ஒலியெழுப்பும் விரியன் பாம்பின் பெயர் கொண்டது. கயிறு இழுக்கும் போட்டியும் பேஸ்பாலும் வைத்ததும், கொடியை எரிப்பதும் குடிலுக்குள் புகுந்து சூறையாடுவதுமாக ஆகிவிட்டது. பாடப்புத்தகங்கள் இதைத்தான் விரித்து எழுதும். நான் நிதானமாகச் சொல்வது அடுத்த இரண்டு பகுதிகளை. சண்டை முற்றியபின் ஷெரீப் அவர்களைச் சும்மா ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்: ஒரே கூடத்தில் சாப்பாடு, ஒரே அறையில் சினிமா. சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். சேர்த்தது பகையைத் தணிக்கவில்லை. பிறகு குடிநீர்க் குழாயை அடைத்துவிட்டார்கள். இரு அணியும் சேர்ந்து தேடினால்தான் தண்ணீர். உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. எந்தக் கயிற்றைப் பிடித்து எதிரெதிரே இழுத்தார்களோ, அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகுதான் பகை கரைந்தது.

ஷெரீப் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு முகாம் நடத்தியிருந்தார்; ஆனால் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஜினா பெர்ரி என்ற எழுத்தாளர் அதைத் தேடி எடுத்து எழுதினார். அந்தப் பையன்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களாகிவிட்டார்கள். பிறகு பிரித்துச் சண்டை மூட்ட முயன்றபோது மூளவில்லை; முகாம்காரர்கள் மீதே சந்தேகப்பட்டார்கள். ஆய்வாளருக்கு அது தோல்வி. பள்ளிக்கூடம் நடத்துபவர்களுக்கு வெற்றி பெற்ற முகாமைவிட இந்த முகாமே பயன்படும். ஆறாம் வகுப்பில் சேர்ந்து பழகியவர்களை ஒன்பதாம் வகுப்பில் பிரிப்பது கடினம்.

அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் தப்பெண்ணத்தின் இயல்பு பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். பழகினால் பகை குறையும், ஆனால் சும்மா பழகினால் குறையாது என்றார். சம அந்தஸ்து வேண்டும், பொது இலக்கு வேண்டும், போட்டி இல்லாத கூட்டுழைப்பு வேண்டும், மேலிருப்பவர்களின் வெளிப்படையான ஆதரவு வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிறவரோடு தினமும்தான் பழகுகிறோம். அதில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கிறதா?

நம் மண்ணுக்கு நெருக்கமான சோதனை மேட் லோ வாரணாசிப் பகுதியில் நடத்தியது; 2021-இல் வெளியானது. பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களைத் திரட்டி, ஒரு பகுதியினரை ஒரு மாத கிரிக்கெட் தொடர்களில் ஆடவிட்டார். சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. எல்லாம் குலுக்கல் முறையில். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. தன் சாதிக்காரனுக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியில் மட்டுமே மற்றச் சாதிக்காரரைச் சந்தித்தவர்களிடம் பொதுவாக விளைவு எதிர்த் திசையில் போனது. ஒரே மைதானம், ஒரே பந்து. கயிற்றின் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது மட்டும் வேறு.

எங்கள் பக்கத்துக் கபடிக் குழுக்களையும் கிரிக்கெட் குழுக்களையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தெருவுக்கு ஒரு குழு. தெரு என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் சாதிகள் ஒருவரையொருவர் சந்திக்கத்தான் செய்கின்றன, எதிரெதிரே நின்று. 'விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும்' என்று மேடையில் பேசிக் கோப்பை கொடுக்கிறோம்.

இந்த முறைகளுக்கும் எல்லை உண்டு. சல்மா மூசா ஈராக்கில் கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் கலந்து கால்பந்து அணிகள் அமைத்தார். மைதானத்துக்குள் நட்பு வளர்ந்தது. அந்நியர்களிடம் நடந்துகொள்வதில் பெரிய மாற்றம் வரவில்லை. நல்ல அணி அமைத்ததாலேயே ஊர் மாறிவிடும் என்று என் மாணவர்களிடம் சொல்வதில்லை. நிலமும் சட்டமும் திருமணமும் மாற வேண்டிய இடத்தில் கிரிக்கெட் போதாது. ஆனால் ஒரு ஆசிரியரின் கைக்குள் இருப்பது எது என்று கேட்டால், யாரை யாரோடு சேர்ப்பது என்பது இருக்கிறது. எலியட் அரான்சன் 1971-இல் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கண்டுபிடித்த முறையை நானும் என் வகுப்பில் பின்பற்றுகிறேன். பாடத்தைத் துண்டுகளாக்கிக் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொருவரும் தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். யாரை அலட்சியம் செய்தாலும் தேர்வில் அந்தத் துண்டு போய்விடும். குழுவை நானே சீட்டுப் போட்டு அமைப்பேன். விருப்பத்துக்கு விட்டால் ஊர்த்தெரு அப்படியே வகுப்பறைக்குள் வந்து உட்காரும்.

பள்ளி ஆசிரியர்களிடம், குறிப்பாக விளையாட்டு ஆசிரியர்களிடம், என் வேண்டுகோள் இதுதான். ஜூனில் பள்ளி திறந்ததும் அணி பிரிக்கும்போது "நீங்களே பிரிச்சுக்கோங்கடா" என்று சொல்லாதீர்கள். தலைவர்களைத் தேர்ந்து ஆள் எடுக்கவும் விடாதீர்கள். சீட்டுப் போடுங்கள், போட்ட அணியை ஒரு பருவம் முழுக்கக் கலைக்காமல் வைத்திருங்கள். தலைமை ஆசிரியர் ஒருநாள் மைதானத்துக்கு வந்து நின்று பார்க்கட்டும்; ஆல்போர்ட் சொன்ன நான்காவது நிபந்தனைக்கு அது போதும்.